மூன்றாவது சிறுநீரகம்

தையல்நாயகியின் உடம்பில் மூன்று சிறுநீரகங்கள் இருந்தன. பிறவியிலேயே வந்த இரண்டும் அவளுக்கு முப்பத்து நான்கு வயதாவதற்குள் சுருங்கி வேலையை நிறுத்திவிட்டன. மூன்றாவது வலது அடிவயிற்றில், தோலுக்கு மிக அருகில் இருந்தது. கையை வைத்தால் சின்ன மேடாகத் தட்டுப்படும். அது அவளுடைய கணவர் வைரக்கண்ணு கொடுத்தது. புதிதாக ஒன்று வைக்கும்போது பழையவற்றை எடுக்கமாட்டார்கள், அப்படியே விட்டுவிடுவார்கள் என்பது பட்டுக்கோட்டையில் பாதிப் பேருக்கு அவளால்தான் தெரியும். யார் கேட்டாலும் சலிக்காமல் சொல்வாள்.

இருபத்தெட்டு வருஷமாக அந்த மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. வைரக்கண்ணு சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று குழாய் ஸ்பீக்கரும் வயருமாக அலைந்தே அறுபத்தெட்டு வயதைத் தொட்டுவிட்டார். தையல்நாயகி, நோய் வருமுன் ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போட்டவள், உடம்பு தேறிய கையோடு டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்புப் படித்து அரசு மருத்துவமனையில் சேர்ந்தாள். அந்த மெஷினிலிருந்து தப்பித்து வந்தவள் மறுபடி அதன் பக்கத்திலேயே போய் நிற்கிறாளே என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "ஊசி எங்க குத்துனா எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியும்ல, அதுக்காவது நான் அங்க இருக்கணும்" என்றாள்.

ஊரில் இளைஞர்கள் குறைந்துபோன காலம் அது. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையும் வெளியூரில். அறுபதைத் தாண்டியவர்கள்தான் பஸ் ஓட்டினார்கள், பாடம் நடத்தினார்கள், பிரசவம் பார்த்தார்கள். தையல்நாயகியும் அறுபத்திரண்டு வயதில் வேலையில்தான் இருந்தாள்.

அப்போதுதான் கரைக்காய்ச்சல் வந்தது. கடலோர ஊர்களில் முதலில் தெரிந்ததால் அந்தப் பெயர். இளவயதுக்காரர்களை ஒரு வாரம் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும். வயதானவர்களைத்தான் கொண்டுபோனது. வயதானவர்களாலேயே ஓடுகிற ஊர் என்ன ஆகும்? கடைகள் மூடின. பள்ளிக்கூடம் மூடியது. அதற்குள் துளிர் ஊசி வந்தது. அதன் மருத்துவப் பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையவில்லை. ஒரு ஊசிதான். சில வாரங்களில் கிழவர்களின் ரத்தம் இருபது வயதுக்காரனின் ரத்தத்தைப்போல நோயோடு மல்லுக்கு நின்றது. நகராட்சி முகாமில் வைரக்கண்ணுவும் போட்டுக்கொண்டார். சின்ன வயதில் விட்டுப்போன தோல் அரிப்பு அவருக்குத் திரும்பி வந்தது. காய்ச்சல் வரவில்லை.

தையல்நாயகிக்கு அந்த ஊசி கிடையாது என்றார்கள். மாற்று உறுப்பு வைத்த யாருக்கும் கிடையாது. ஊசி போடாத, ஐம்பது வயதைத் தாண்டிய யாரும் காய்ச்சல் வார்டு இருக்கிற மருத்துவமனையில் வேலைக்கு வரக்கூடாது என்று இன்னொரு உத்தரவும் வந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டயாலிசிஸ் பிரிவில் அவளைத் தவிர இரண்டு பேர்தான். கலைமதி ஊசி வருமுன்பே காய்ச்சலில் விழுந்து, அது நுரையீரலுக்கு இறங்கி, தஞ்சாவூரில் கிடந்தாள். இன்னொருவர் அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனவர், அங்கேயே வழி அடைபட்டுப் போனார். காய்ச்சல் கண்ட டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்று தனி அறை ஒதுக்கி நான்கு மெஷின் போட்டிருந்தார்கள். ஓட்டத்தான் ஆளில்லை. தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வாரத்துக்கு ஒருநாள் வந்து போனார். வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்தமாக வேண்டியவர்களுக்கு ஒரு முறை கிடைத்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். இருவருடைய நரம்பும் எந்த இடத்தில் ஓடும் என்று தையல்நாயகிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

இரண்டாவது சாவுச் செய்தி வந்த மறுநாள் அவள் தஞ்சாவூருக்குக் கிளம்பினாள். வைரக்கண்ணுவும் கூடப் போனார். மாத்திரை வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தார்.

டாக்டர் நிலோஃபர் பல வருஷமாக அவளைப் பார்த்துவருகிற சிறுநீரக டாக்டர். அதிராம்பட்டினத்துக்காரர், தையல்நாயகியைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் முன்னால் உட்கார்ந்ததும் தையல்நாயகி சுற்றி வளைக்கவில்லை.

"டாக்டர், எனக்குத் துளிர் ஊசி போட்டுவிடுங்க. நான் வேலைக்குப் போகணும்."

வைரக்கண்ணு திரும்பி அவளைப் பார்த்தார். டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஏன் கூடாதுங்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஓரளவு தெரியும். நீங்க முழுசாச் சொல்லுங்க. அவரும் கேக்கட்டும்."

டாக்டர் தன் நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "இதுக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு. நோயை எதிர்க்கிற செல்லுங்க படிக்கிற பள்ளிக்கூடம் அதுதான். எது நம்ம உடம்பு, எது வெளியாளுன்னு அங்கதான் கத்துக்கும். சின்ன வயசுல பெருசா இருக்கும். வயசாக ஆகச் சுருங்கிக்கிட்டே வரும், அது சுரக்கிற ஹார்மோனும் வத்திப்போகும். அப்புறம் புதுசாப் படிச்சு வெளிய வர்ற ஆளே கிடையாது. அதனாலதான் புதுசா ஒரு காய்ச்சல் வந்தா வயசானவங்க தாங்குறதில்ல. துளிர் ஊசி அந்தச் சுரப்பியைத் திரும்ப முளைக்க வைக்குது."

"நல்லதுதானே டாக்டர்?" என்றார் வைரக்கண்ணு.

"உங்களுக்கு நல்லது சார். இவங்களுக்கு அப்படி இல்ல. உள்ள இருக்கிறது உங்க கிட்னி. இவங்க உடம்புக்கு அது வெளியாள்தான். அதைத் தாக்காம இருக்கத்தான் இத்தனை வருஷமா மாத்திரை. வயசாக ஆக இவங்க எதிர்ப்பு சக்தி தானாவே மங்கிப்போச்சு. அதைப் பாத்துத்தான் நானும் மாத்திரையைக் குறைச்சுக்கிட்டே வந்தேன், இப்ப ஒண்ணுதான் ஓடுது. இந்தக் கிட்னியை இப்பக் காப்பாத்துறதே இவங்க வயசுதான். அதைப் போய் இளமையாக்கினா..."

"போயிடும்னு நிச்சயமா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"இதுவரைக்கும் யாரும் போட்டுப் பாக்கல. பாக்காததை நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா என் மனசுல பட்டதைக் கேட்டீங்கன்னா, போயிடும்."

"உயிருக்கு?"

"மெஷின் இருக்கிற வரைக்கும் உயிருக்கு ஒண்ணும் இல்ல. அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல." டாக்டர் பேனாவை மறுபடி எடுத்து மூடினார். "நீங்க வேலைக்குப் போகலேன்னா யாரும் உங்களைக் குத்தம் சொல்லப்போறதில்ல அக்கா."

"சொல்ல மாட்டாங்க டாக்டர். சொல்றதுக்கு அவங்க இருக்கணுமே."

வீட்டுக்கு வந்து, அவள் அரிசி களைந்து குக்கரில் வைக்கும் வரை வைரக்கண்ணு பொறுத்திருந்தார்.

"அது என்னுது, தையல்" என்றார்.

அவள் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டுத் திரும்பினாள். "குடுத்தீங்கல்ல?"

"ஆமா, குடுத்தேன்."

"குடுத்த பெறகு எப்படி உங்களுதாகும்?"

அவருக்குக் கோபம் வந்தது. "இதுக்கா குடுத்தேன்? நீ நல்லா இருக்கணும்னுதானே குடுத்தேன். திரும்ப அந்த மெஷின்ல போய்ப் படுப்பியா?"

"படுப்பேன். அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளு அங்க இருந்தா." அவள் குரல் உயரவில்லை. "இத்தன வருஷம் அதைக் கைக்குழந்தை மாதிரி வச்சிருந்தேங்க. வெளியில ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. ஊறுகாயைத் தொட்டதில்ல. தேரோட்டத்துக்குக் கூட்டத்துல நின்னதில்ல. உங்க பொருளாச்சேன்னு பயந்து பயந்து பாத்துக்கிட்டேன். இப்ப ஒரு தடவை எனக்காக அதைச் செலவு பண்ணணும்னு தோணுது."

"உனக்காகவா? ஊருக்காகன்னு சொல்லு."

"எனக்காகத்தான். வீட்ல உக்காந்து ஒவ்வொருத்தரா செத்துப்போன சேதி கேக்க என்னால முடியல."

குக்கர் விசிலடித்தது. இருவரும் சாப்பிட்டார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலைந்து நாள் அப்படியே போயிற்று. அவள் வற்புறுத்தவும் இல்லை, விட்டுவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

அந்த நாட்களில் திருவிழாவும் கல்யாணமும் ஏது? நகராட்சிக்காக லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக் காய்ச்சல் அறிவிப்புச் சொல்லிக்கொண்டு போவதுதான் வைரக்கண்ணுவின் வேலையாக இருந்தது. ஒருநாள் காலை ஒரு தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து கையை ஆட்டி நிறுத்தினாள். அவள் லூர்து மேரி, தையல்காரர் சவரிமுத்துவின் மனைவி. சவரிமுத்து தையல்நாயகியிடம் வருஷக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். இப்போது அவருக்கும் காய்ச்சல் கண்டிருந்தது.

"அண்ணே, அக்கா எப்ப வேலைக்கு வருவாங்க? அவரு அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு."

வைரக்கண்ணு ஆட்டோவிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். திறந்த ஜன்னலுக்குள், சவரிமுத்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தைக்கவில்லை. மெஷின் பலகைமேல் தலையணையை வைத்து அதில் முகத்தைச் சாய்த்திருந்தார். கால்கள் வீங்கிப் பளபளத்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் முதுகு முழுவதும் எழும்பித் தாழ்ந்தது.

"படுத்தா மூச்சு முட்டுதுண்ணே. இப்படியேதான் தூங்குறாரு" என்றாள் லூர்து.

வைரக்கண்ணுவுக்கு அது தெரியும். உடம்பில் நீர் ஏறிவிட்டால் படுக்க முடியாது. தையல்நாயகி அப்படி உட்கார்ந்தே கிடந்த மாதங்களில், அவளுக்குச் சாய ஏதாவது வேண்டுமே என்று, முதுகுக்கு முதுகு கொடுத்து அவர் உட்கார்ந்திருக்கிறார். அவள் மூச்சுக்கு அவர் உடம்பும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டம் நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் கொடுத்தார். வேறு எந்தப் பெரிய காரணமும் அன்றைக்கு அவர் மனதில் இருந்ததில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர், தட்டில் கை வைக்காமல் கேட்டார். "தஞ்சாவூருக்கு எப்பப் போகணும்?"

தையல்நாயகி அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "நாளைக்கே போகலாம்" என்றாள். பிறகு அவருக்குக் குழம்பு ஊற்றினாள்.

மூன்று டாக்டர்கள் அவளைத் தனியாக உட்காரவைத்து வெகுநேரம் கேள்வி கேட்டார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றும் கேட்டார்களாம். "வேண்டாம்னு கட்டாயப்படுத்துனவரு வெளிய உக்காந்திருக்காரு" என்று சொல்லியிருக்கிறாள். சிறப்பு அனுமதி கிடைத்தது. டாக்டர் நிலோஃபர் தன் கையாலேயே ஊசி போட்டார். மருந்து ஏறும்வரை அவர் தையல்நாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சில வாரங்களில் நெஞ்சு கனத்தது. லேசான காய்ச்சல் வந்து போனது. மிளகாய் வறுத்தால் பாவாடை தாவணிக் காலத்தில் வந்த அடுக்குத் தும்மல் திரும்பி வந்தது. ரத்தத்தில் புதிய செல்கள் தெரிந்த அன்றைக்கே அவள் வேலைக்குப் போனாள்.

தலையிலிருந்து கால்வரை மூடிய உடையில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சவரிமுத்து குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். "அக்காவா? உங்களுக்கு ஊசி கிடையாதுன்னாங்களே" என்று அவர் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், "கையை நீட்டு தம்பி. பேச்சு அப்புறம்" என்றாள். ஒரே குத்தில் ஊசி இறங்கியது. நான்கு மெஷினும் ஓட ஆரம்பித்தன. அன்றிலிருந்து அந்த அறையில் யாரும் சாகவில்லை.

வைரக்கண்ணு தினமும் அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டி வருவார். வேலை முடிந்து அந்த உடையைக் கழற்றிவிட்டு வருகிறபோது அவள் தலைமுடி நனைந்து ஒட்டியிருக்கும், மூக்கின் மேல் முகக்கவசம் அழுத்திய கோடு இருக்கும். ஆனால் நடையில் ஒரு துள்ளல். வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் அவர் பார்க்காத துள்ளல். இவளைத் தடுக்கப் பார்த்தோமே என்று நினைத்துக்கொள்வார். அடுத்த நிமிடமே, தடுத்திருக்கலாமே என்றும் நினைப்பார்.

டாக்டர் பயந்தது நடந்தது. அடிவயிற்று மேடு வீங்கி வலித்தது. ரத்தத்தில் உப்பு ஏறியது. டாக்டர் போனில் சொன்னார்: "அக்கா, பெரிய டோஸ்ல மருந்து குடுத்தா இதை நிறுத்திப் பாக்கலாம். ஆனா புதுசா முளைச்ச சுரப்பி கருகிடும். நீங்க அந்த ரூமுக்குள்ள போக முடியாது."

"காய்ச்சல் அடங்கட்டும் டாக்டர்" என்றாள்.

அதற்குள் கலைமதி தேறி வேலைக்குத் திரும்பியிருந்தாள். தையல்நாயகியிடம் தொழில் கற்றவள். ஒருநாள் பிற்பகல், எல்லா நோயாளிகளையும் அனுப்பிவிட்டு, பக்கத்துச் சாதாரணப் பிரிவில் தையல்நாயகி ஒரு நாற்காலியில் சாய்ந்துகொண்டு இடது கையை நீட்டினாள். கலைமதி ஊசியை எடுத்து நரம்பைத் தேடினாள். "அந்தப் பழைய தழும்புக்கு மேல குத்து. நல்லா ஓடும்" என்று இவள் சொல்லிக்கொடுத்தாள்.

வைரக்கண்ணு கண்ணாடிக்கு வெளியே நின்றார். சிவப்புக் குழாய் அவள் கையிலிருந்து புறப்பட்டு மெஷினைச் சுற்றித் திரும்பி அவள் கைக்கே வந்தது. உள்ளேயிருந்து அவள் அவரைப் பார்த்துவிட்டாள். குத்தாத கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். போய்ச் சாப்பிடுங்க என்று கையை வீசினாள். அவர் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்து முடியும் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவேண்டும்போல இருந்தது. அதைவிட, இந்தப் பெண்ணுக்கு நாம் வாய்த்திருக்கிறோமே என்ற பெருமிதம் அதிகமாக இருந்தது.

காலையில் மற்றவர்களுக்கு மெஷின் ஓட்டுவாள், பிற்பகலில் தானே அதில் படுப்பாள். இப்படியே மழைக்காலம் முழுவதும் போயிற்று. காய்ச்சல் மெல்ல வடிந்தது. பஸ்கள் பழையபடி ஓடின. பள்ளிக்கூட மணி கேட்டது.

தைப் பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில், குளியலறையிலிருந்து வந்த தையல்நாயகி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். என்ன என்று வைரக்கண்ணு பதறிக் கேட்டார்.

"ஒண்ணுக்கு நிறையப் போகுதுங்க" என்றாள்.

சிறுநீரக நோயாளி வீட்டில் அதைவிடப் பெரிய செய்தி கிடையாது. ஆனாலும் இருவரும் அதை நம்பத் துணியவில்லை. மறுநாளும் போயிற்று, அதற்கடுத்த நாளும். வயிற்று மேட்டின் வீக்கம் இறங்கியிருந்தது. தஞ்சாவூரில் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சோதனைக்கூடத்தில் ஏதோ தப்பு என்று மறுபடி எடுக்கச் சொன்னார். பிறகு சிறுநீரகத்திலிருந்தே நூலளவு சதையை எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்று இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தானும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நான் சொன்னது பாதிதான் சரி" என்றார். "முதல்ல தாக்குனது உங்க பழைய செல்லுங்க. தூங்கிக்கிட்டு இருந்தது முழிச்சுக்கிச்சு. அது வரைக்கும் நான் பயந்தபடிதான். அப்புறம் நடந்ததை நான் யோசிக்கல. உங்க சுரப்பி புதுசா முளைச்சுதுல்ல, அது குழந்தையோட சுரப்பி மாதிரி. எது நம்ம உடம்புன்னு முதல்லேர்ந்து பாடம் நடத்துச்சு. அப்படி நடத்துறப்ப இந்தக் கிட்னி ஏற்கெனவே உள்ள இருக்கு. அதோட ரத்தமும் உங்க ரத்தமும் ஒண்ணாத்தான் ஓடுது. புதுசாப் படிச்சு வந்த செல்லுங்களுக்கு அது வெளியாளாத் தெரியல. பழைய செல்லுங்களையும் அதுங்களே அடக்கிடுச்சுங்க."

தையல்நாயகி மெதுவாகக் கேட்டாள். "அப்ப மாத்திரை?"

"அந்த ஒண்ணையும் நிறுத்திடலாம். இனி உங்க உடம்பைப் பொறுத்தவரைக்கும், பிறந்ததுலேர்ந்து அது உங்களோடதுதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா தைரியமாப் போட்டிருப்பேன். தெரியாது. நீங்களும் தெரியாமத்தான் கையை நீட்டுனீங்க. அதை நான் எல்லா இடத்துலயும் சொல்லணும் அக்கா."

"போனா போகுதுன்னுதான் நீட்டுனேன் டாக்டர்" என்று தையல்நாயகி சிரித்தாள். வைரக்கண்ணு சிரிக்கவில்லை. அவளுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் முன்னிலையில் அவர் அப்படியெல்லாம் செய்கிறவரே இல்லை.

அந்த வருஷத்துக்குள் மாற்றுச் சிறுநீரகம் வைக்கும் முறையே மாறியது. துளிர் ஊசி முதலில், புதுச் சுரப்பி முளைத்துப் பாடம் நடத்தும் முன்பே சிறுநீரகம். திசு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களையெல்லாம் மறுபடி கூப்பிட்டார்கள். லூர்து மேரி கணவனுக்குக் கொடுக்க முன்வந்து, பொருந்தாது என்று இரண்டு முறை திரும்பி வந்தவள். இந்த முறை தேதி குறித்துவிட்டார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் தையல்நாயகி சவரிமுத்துவிடம் உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். எதைச் சாப்பிடலாம், எந்தப் பக்கம் படுக்கலாம், எப்போது தைக்க உட்காரலாம் என்று அவள் குரல் வெளியே கேட்டது. மருத்துவமனை பெஞ்சில் லூர்து, வைரக்கண்ணுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ரொம்ப வலிக்குமா?"

"கொஞ்ச நாளைக்கு இடது பக்கமாத் திரும்பிப் படுக்க முடியாது. தும்மினா கையால அழுத்திப் பிடிச்சுக்கணும். அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் குடுத்ததே மறந்துபோயிடும்மா" என்றார்.

இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அதை அவர் மறந்ததில்லை. ஆனால் அன்று காலையில் சட்டை போடும்போது, தன் இடுப்பிலிருந்த தழும்பைப் பார்த்து, இது எதில் பட்ட காயம் என்று ஒரு கணம் யோசித்துவிட்டார்.